மனநலச் சட்டத்தில் ஒரு 'அல்லது': சிகிச்சை பெற்றவரின் இடத்தில் யார் உட்காருவது?

சட்டப் பிரிவு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 74-வது பிரிவு, மனநல மறுஆய்வு வாரியத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தலைவராக மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர். இரண்டு மருத்துவர்கள், அதில் ஒருவர் மனநல மருத்துவர். மீதமுள்ள இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்களுக்கு, அல்லது அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு, அல்லது இந்த இரு தரப்பின் அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு, அல்லது இந்தத் துறையில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தினருக்கு.

எத்தனை 'அல்லது' பாருங்கள். மருத்துவரின் இடத்தில் 'மருத்துவர் அல்லது மருத்துவரின் உறவினர்' என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் சிகிச்சை பெற்றவரின் இடத்தில் அவருடைய அப்பா உட்காரலாம், மனைவி உட்காரலாம், என்.ஜி.ஓ மேலாளர் உட்காரலாம். ஆறு பேர் கொண்ட வாரியத்தில் மனநல வார்டுக்குள் ஒரு இரவுகூட தங்கியிராத ஆறு பேரே இருந்தாலும் சட்டப்படி தப்பில்லை.

இந்தியாவில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும், அதிகம் பேசப்படாத ஒரு போராட்டம் கிட்டத்தட்ட முழுவதுமே இந்த 'அல்லது' பற்றியதுதான்.

அந்த வாரியம் அவ்வளவு முக்கியமா?

ரொம்பவே முக்கியம். ஒருவரை அவருடைய விருப்பம் இல்லாமல் மருத்துவமனையில் வைத்திருக்க சட்டம் இன்னமும் அனுமதிக்கிறது. 'ஆதரவுடன் கூடிய அனுமதி' என்று அதற்கு நாசூக்கான பெயர். இரண்டு மருத்துவ நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 89-வது பிரிவின்படி முதலில் 30 நாள் வரை. அதற்கு மேல் போனால் 90-வது பிரிவு: 90 நாள், பிறகு 120, பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை. 30 நாளைத் தாண்டினால் வாரியத்தின் ஒப்புதல் தேவை. 'என்னை வெளியே விடுங்க'ன்னு உள்ளே இருப்பவர் முறையிடுவதும் இந்த வாரியத்திடம்தான். பெண்களையும் சிறார்களையும் இப்படிச் சேர்த்தால் மூன்று நாட்களுக்குள், மற்றவர்களைச் சேர்த்தால் ஏழு நாட்களுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆக, பூட்டிய கதவின் சாவி பாதி மருத்துவரிடம், பாதி வாரியத்திடம். அந்த வாரியத்தில் பூட்டுக்கு உள்பக்கம் இருந்து பார்த்த ஒருவராவது இருக்கிறாரா என்பது சும்மா சம்பிரதாயக் கேள்வி இல்லை.

'சர்வைவர்' என்றால் நோயிலிருந்து மீண்டவரா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். புற்றுநோய் சர்வைவர் என்றால் நோயிலிருந்து மீண்டவர். ஆனால் உலகம் முழுக்க 'சைக்கியாட்ரிக் சர்வைவர்' என்று தங்களை அழைத்துக்கொள்பவர்களில் பலர், மனநல அமைப்பு தங்களுக்குச் செய்ததிலிருந்து மீண்டவர்கள் என்ற பொருளில் சொல்கிறார்கள். கட்டிப்போட்டது, கேட்காமல் ஊசி போட்டது, வருடக்கணக்கில் அடைத்துவைத்தது. எல்லோரும் இந்தப் பெயரை ஏற்பதில்லை. 'எனக்கு மாத்திரை உதவுது, டாக்டரும் நல்லவர், ஆனா என்னைப் பற்றிய முடிவில் எனக்குப் பங்கு வேணும்' என்பவர்கள் 'சேவைப் பயனர்' என்ற சொல்லை விரும்புகிறார்கள். மாற்றுத்திறனாளி உரிமை மொழியில் பேசுபவர்கள் 'உளசமூக மாற்றுத்திறனாளி' என்கிறார்கள். மூன்று பெயர்கள், மூன்று அரசியல். கோரிக்கை என்று வரும்போது பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

இது மருந்துக்கு எதிரான இயக்கம் என்று சுருக்கிவிடுவது சோம்பேறித்தனம். சிலர் மருந்தை விட்டவர்கள், பலர் எடுத்துக்கொண்டே போராடுபவர்கள். பொதுவாக இருப்பது ஒன்றுதான்: சம்மதம்.

ஏர்வாடியில் தொடங்கிய கணக்கு

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன, நாடு முழுக்க ஆய்வுக்கு உத்தரவிடப்பட்டது. அதே காலகட்டத்தில் டெல்லியின் 'சார்த்தக்' அமைப்பு, மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அன்று அமலில் இருந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். காப்பகத்துக்கு உரிமம் எப்படி வாங்குவது, ஆளை எப்படிச் சேர்ப்பது என்று விரிவாகப் பேசிய சட்டம் அது. உள்ளே இருப்பவரின் உரிமை பற்றி அதில் இருந்தது கொஞ்சம்தான்.

2007 அக்டோபர் 1 அன்று, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்தது. அதன் 12-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அதாவது 'இவருக்குப் புத்தி சரியில்லை, இவருக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடுறேன்' என்பதற்கே அடி விழுந்தது. சட்டத்தை மாற்றியே ஆக வேண்டிய நிலை. 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா 2017-இல்தான் நிறைவேறியது. 2018 மே 29 முதல் அமலுக்கு வந்தது.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சட்டத்தில் நல்ல விஷயங்கள் நிறைய. சங்கிலியால் கட்டுவதற்குத் தடை. மயக்க மருந்து இல்லாத மின் அதிர்வு சிகிச்சைக்குத் தடை. தனிமைச் சிறைக்குத் தடை. வார்டில் இருக்கும்போதும் போன் பேச, பார்க்க வருபவரைச் சந்திக்க உரிமை. என் மனதுக்குப் பிடித்தது 4-வது பிரிவில் வரும் ஒரு வரி. ஒருவர் தன் சிகிச்சை பற்றி எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிந்தால், அதை மட்டுமே வைத்து அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தவறாக முடிவெடுக்கும் உரிமை! நம் வீடுகளில் முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கே இது கிடைப்பது அபூர்வம்.

3-வது பிரிவும் லேசானது இல்லை. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நெறிகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. காதலித்த மகளையும், தன்பாலின ஈர்ப்புள்ள மகனையும் 'டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ண' அழைத்துப்போன குடும்பங்களின் கதைகள் நம்மிடம் ஏராளம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்தச் 'சிகிச்சை'க்கு ஆளானவர்களும் இந்த சர்வைவர் வரலாற்றில் சேர்ந்தவர்கள்தான், அவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தாவிட்டாலும்.

புனே: சட்டத்தையே கேள்வி கேட்டவர்

இப்படி ஒரு சட்டம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைத்தால் தப்பு. கடுமையான விமர்சனம் உள்ளிருந்தே வந்தது. புனேயைச் சேர்ந்த பார்கவி தாவர் அதில் முக்கியமானவர். அவருடைய அம்மா மனநல நிறுவனங்களுக்குள் அடைக்கப்பட்டதைச் சிறுவயதில் நேரில் கண்டவர். தத்துவம் படித்து, இந்தியப் பெண்களின் மனநலம் பற்றி ஆய்வு நூல்கள் எழுதி, பிறகு அம்மாவின் நினைவாக 'பாபு ட்ரஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2024-இல் மறைந்தார்.

அவருடைய வாதம் சுலபமானது, ஆனால் ஏற்பது கடினம். உரிமைகளைப் பட்டியல் போட்டுவிட்டு, இரண்டு நிபுணர்கள் கையெழுத்துப் போட்டால் ஆளை அடைத்துவைக்கலாம் என்றும் எழுதினால், அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு? ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2014-இல் வெளியிட்ட விளக்கமும் இதே பக்கம்தான் நின்றது: ஒருவருக்காக முடிவெடுக்காதீர்கள், அவர் முடிவெடுக்க உதவுங்கள்.

'அப்ப நெருக்கடி வந்தா என்ன பண்றது?' என்பதுதான் உடனே வரும் கேள்வி. பாபு ட்ரஸ்ட் அதற்குக் கட்டுரையில் மட்டும் பதில் சொல்லிவிட்டு நிற்கவில்லை. 'செஹர்' என்ற திட்டத்தை புனேயின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் நடத்தியது. அந்தப் பகுதியில் நடமாடும் பணியாளர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்த ஆதரவு வட்டம், சாப்பாடு, கலை, பேச்சு, தேவைப்பட்டால் மருத்துவர். வாடகை கட்ட முடியாததும் கணவன் அடிப்பதும் மனச்சோர்வின் 'பின்னணி' இல்லை, அதுவே பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளும் அணுகுமுறை. நாடு முழுக்க இதை விரிவாக்க முடியுமா? எனக்கு சந்தேகம் உண்டு. ஆனால் பூட்டிய வார்டுகள்தான் நடைமுறைக்கு ஏற்றவை, இது கனவு என்று சொல்பவர்கள் அந்த வார்டுகளின் நிலையையும் பார்க்க வேண்டும். அரசு மனநல மருத்துவமனைகளை நேரில் பார்த்த தேசிய மனித உரிமை ஆணையம், அவை மனிதத்தன்மையற்ற நிலையில் இருப்பதாகவும், குணமானவர்களும் சட்டவிரோதமாக உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதாகவும் 2023 ஜனவரியில் சொன்னது.

புனேயிலிருந்தே இன்னொரு குரல் ரேஷ்மா வள்ளியப்பன். ஸ்கிசோஃப்ரினியா என்று கண்டறியப்பட்டவர், ஓவியர், எழுத்தாளர். அவரைப் பற்றி அபர்ணா சன்யால் இயக்கிய 'எ டிராப் ஆஃப் சன்ஷைன்' ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. ஸ்கிசோஃப்ரினியா என்றாலே சினிமாவில் கத்தியோடு வரும் வில்லனைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தப் பெயரைத் தானே சுமந்துகொண்டு மேடையேறிப் பேசும் ஒரு பெண் புதிதாக இருந்தார்.

கொல்கத்தா: டீக்கடையும் ஓட்டுச் சாவடியும்

ரத்னாபோலி ராய் தொடங்கிய 'அஞ்சலி' வேறு வழியில் போனது. மனம் உடைந்த தன் அனுபவத்தை வெளிப்படையாகப் பேசியவர் அவர். ஆனால் மருத்துவமனையை வெளியிலிருந்து திட்டுவதற்குப் பதில், அரசோடு பேசி உள்ளே நுழைந்தார். பாவ்லோவ் உள்ளிட்ட மேற்கு வங்க அரசு மனநல மருத்துவமனைகளில் அஞ்சலி வேலை செய்கிறது. பாவ்லோவ் வளாகத்தில் உள்ளே இருப்பவர்களே நடத்தும் டீக்கடையும் சலவைக்கூடமும் வந்தன. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வருடக்கணக்காக எண்ணால் அழைக்கப்பட்டு, அடுத்தவர் துணியை உடுத்திய ஒருவருக்குச் சொந்தமாகச் சம்பளமும், 'சக்கரை எவ்ளோ?' என்று கேட்கும் வாடிக்கையாளரும் கிடைப்பது சின்னதில்லை.

2019 மக்களவைத் தேர்தலில் பாவ்லோவில் இருந்தவர்கள் வாக்களித்தார்கள். அதே தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் நூறு பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். 'மனநோயாளிக்கு ஓட்டு உண்டா?' என்று கேட்பவர்களுக்கு: 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சித்த சுவாதீனம் அற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் ஓட்டு போகும். மருத்துவமனையில் படுக்கை இருப்பதால் போகாது.

ஆனால் அஞ்சலியும் முட்டி நின்ற சுவர் ஒன்று உண்டு. குணமானவரை எங்கே அனுப்புவது? 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு வருடத்தைத் தாண்டித் தங்கியிருப்பவர்கள் என்றது. வீட்டார் முகவரியை மாற்றிவிட்டார்கள், அல்லது சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள், அல்லது உண்மையிலேயே கஞ்சிக்கு வழியில்லை. வெளியே அரைவழி இல்லங்களும் குழு வீடுகளும் அமைப்பது அரசின் கடமை என்று சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. உத்தரப் பிரதேச மருத்துவமனைகளில் குணமாகியும் வெளியேற முடியாதவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களை இதைச் செய்யச் சொன்னது. வேகம் நமக்குத் தெரிந்ததே.

குடும்பம் என்ற சிக்கல்

இந்த இயக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் நாசூக்காகத் தவிர்க்கும் இடம் இது. வில்லன் மருத்துவர் மட்டும் என்றால் கதை எளிது. ஆனால் இந்தியாவில் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துவருவதும், பில் கட்டுவதும், வார்டில் பாய் விரித்துப் படுப்பதும் குடும்பம்தான். 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது, பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் அம்மாக்கள்.

பெங்களூருவின் 'ஆக்‌ஷன் ஃபார் மென்டல் இல்னஸ்' போன்று குடும்பத்தினர் கட்டிய அமைப்புகளும் பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. அந்தத் தரப்பில் பலரின் கவலை வேறு: 'உரிமை உரிமைன்னு சொல்றீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு என் பையன் வீட்டை விட்டு ஓடினா யார் தேடறது? நான் போன பிறகு இவனை யார் பாத்துப்பா?' மனநல மருத்துவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். சிகிச்சை தாமதமானால் பாதிப்பு கூடும், முன் அறிவுறுத்தல் போன்ற ஏற்பாடுகள் மேலை நாட்டுத் தனிமனிதனுக்காக யோசித்தவை, கூட்டுக் குடும்பத்துக்கு ஒட்டாது என்பது அவர்கள் வாதம்.

பாதி வாதம் சரி. பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு, குடும்பத்திடம் அதிகாரம் இருக்கிறதே என்று அதிர்ச்சியாவதில் அர்த்தமில்லை. மீதிப் பாதி எனக்கு உடன்பாடில்லை. பார்த்துக்கொள்பவரின் களைப்பும் பார்த்துக்கொள்ளப்படுபவரின் விருப்பமும் இரண்டு தனித்தனி விஷயங்கள். இரண்டுக்கும் குரல் வேண்டும், இரண்டுக்கும் தனி இடம் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று சட்டம் எழுதியதுதான் தவறு. மேல்மட்டத்தில் இருக்கும் மத்திய மனநல ஆணையத்தில் மனநோய் அனுபவம் உள்ளவர்களின் பிரதிநிதிகளுக்கும் பராமரிப்பவர்களுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது, கதவின் சாவி இருக்கும் வாரியத்தில் ஏன் முடியவில்லை?

சரி, இதுல நமக்கு என்ன?

அக்டோபர் 10 வந்தால் ஆபீஸில் பச்சை ரிப்பன், ஒரு வெபினார், மூச்சுப் பயிற்சி. கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் பணியிடத்தில் உண்மையில் பயன்படும் உரிமைகள் எதுவும் வெபினாரில் வரவில்லை, வழக்குப் போட்டவர்களால் வந்தன.

மனநோய்ச் சிகிச்சைக்கான க்ளெய்மை நிராகரித்த காப்பீட்டு நிறுவனத்தை எதிர்த்து, சிகிச்சை பெற்ற பெண் ஒருவரே டெல்லி உயர் நீதிமன்றம் போனார். உடல்நோய்க்குக் கொடுக்கும் காப்பீட்டை மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. அந்தக் கடமை சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்தே உண்டு என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 2022 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தது. உங்கள் கம்பெனி பாலிசியின் 'விலக்குகள்' பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்.

இன்னொருவர் சி.ஆர்.பி.எஃப் அதிகாரி. மனச்சோர்வும் ஓ.சி.டி-யும் இருந்த அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. மனநல பாதிப்பு நடத்தைக்கு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு காரணமாக இருந்தாலே அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. இருவரும் எந்த இயக்கத்தின் கொடியையும் பிடிக்கவில்லை. 'நான் மனநல சிகிச்சை எடுத்தவன்' என்று பொது ஆவணத்தில் பதிய வைத்ததே பெரிய விலை.

அப்புறம், முன் அறிவுறுத்தல். நாளை எனக்கு முடிவெடுக்கும் நிலை இல்லாமல் போனால் என்னை எப்படிப் பராமரிக்கலாம், எப்படிக் கூடாது, எனக்காக யார் பேசலாம் என்று 18 வயது நிரம்பிய யாரும் இன்றே எழுதிவைக்கலாம். மனநோய் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. மருத்துவரோ உறவினரோ அதை மாற்றச் சொல்லி வாரியத்திடம் போகவும் முடியும். மறுபடியும் அதே வாரியம்.

இதைப் பதிவு செய்ய அலைய நேரமில்லை என்றால், 14-வது பிரிவில் இன்னும் எளிதான ஒன்று இருக்கிறது. உங்களுக்காகப் பேசும் பிரதிநிதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அவர் சிறாராக இருக்கக் கூடாது, அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். உறவினராகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ரூம்மேட்டாக இருக்கலாம், பழைய காலேஜ் சிநேகிதியாக இருக்கலாம். எழுதிவைக்காவிட்டால் வரிசையில் முதலில் வருபவர் உறவினர்.